முடிச்சுகளோடு ஒரு நடை: பூண்டியிலிருந்து வேளாங்கண்ணிக்கு

ஞாயிறு இரவு, பூண்டி

விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். யாரும் தூங்குவதாகத் தெரியவில்லை. சப்பர வண்டியின் ஜெனரேட்டர் மக்கர் பண்ணுகிறது, இரண்டு பையன்கள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இது திருக்காட்டுப்பள்ளி பக்கத்துப் பூண்டி. கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் இருக்கும் அலமேலுபுரம் பூண்டி, மாதா கோயில் பூண்டி. தஞ்சாவூருக்குக் கிழக்கே கல்லூரி இருக்கிற பூண்டி வேறு. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் வெறுமனே பூண்டி என்றால் "எந்தப் பூண்டி?" என்பார்கள். என் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர், "நம்ம பூண்டி" என்பார். கண்டக்டருக்கும் புரிந்துவிடும்.

அப்பாயி போன தவக்காலத்தில் இறந்துபோனார். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து முழங்கால் ஒத்துழைத்தவரை ஒவ்வொரு ஆகஸ்டிலும் வேளாங்கண்ணிக்கு நடந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் யாருக்கு என்ன வேண்டுதல் என்றாலும் காசை இவரிடம் கொடுப்பார்கள். கிழிந்த வேட்டித் துணியில் முடிந்துகொள்வார். எந்த முடிச்சு யாருடையது, எதற்காக என்பதெல்லாம் அவருக்கு மட்டும் தெரியும். வெளியே ஒரு வார்த்தை வராது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது மஞ்சப்பை நிறைய முடிச்சுகள் இருந்தன. கொண்டுபோய்ச் சேர்க்காதவை. ஒன்றில் 25 பைசா இருந்தது. அந்தக் காசு 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. ஒன்று மட்டும் பச்சைத் துணியில். அத்தை வருஷா வருஷம் பஸ்ஸில் வேளாங்கண்ணிக்குப் போய்வருகிறவர். அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாமே, ஏன் பெட்டியில் பூட்டி வைத்தார்? அப்பாவைக் கேட்டேன். "உங்க அத்தைக்குத்தான் தெரியும்" என்றார். அத்தையோ, "நடந்து வா, சொல்றேன்" என்றார். அதனால்தான் ஓசூரில் லீவு போட்டுவிட்டுக் காவி வேட்டி கட்டிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவால் மூட்டு வலியில் நடக்க முடியாது.

சாயங்காலம் லூர்து சேவியர் சாமியார் கல்லறைக்குப் போனோம். 1955 முதல் 1972 வரை இங்கே பங்குச் சாமியாராக இருந்தவர். பூண்டிக்கு இன்று வரும் கூட்டத்தில் பாதி அவர் பெயரைச் சொல்லித்தான் வருகிறது. 1999-ல் கோயில் பசிலிக்கா ஆனதெல்லாம் பின்னால் நடந்தது. அப்பாயிக்குத் தாலி மந்திரித்துக் கொடுத்தவர் அவர்தான். நடைக்குக் கிளம்பும் முன் அப்பாயி இந்தக் கல்லறையில் முடிச்சுப் பையை வைத்து எடுப்பாராம். அத்தையும் வைத்து எடுத்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடக்கப் பூசையின் பிரசங்கத்தில் அப்பாயியை மெழுகுவர்த்தியாய் உருகியவர் என்றார்கள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் உருகுகிற ஜாதி இல்லை அவர். தபால்காரர் மாதிரி என்றால் பொருந்தும்: கடிதத்தைப் பிரிக்கமாட்டார், விலாசம் தவறமாட்டார்.

திங்கள், தஞ்சாவூர்

முப்பது கிலோமீட்டருக்கு மேல். கால் கட்டைவிரலில் கொப்புளம். நீளமாக எழுதத் தெம்பில்லை.

திருக்காட்டுப்பள்ளி, நடுக்காவேரி, கண்டியூர் வழியாக வந்தோம். காவிரிப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்ததில் கால் மணி நேரம் போய்விட்டது. மேட்டூரை இந்த வருஷம் ஜூன் 12-லேயே திறந்துவிட்டதால் கரை தொட்டு ஓடுகிறது. கண்டியூர் தாண்டினால் வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று பாலத்துக்கு மேல் பாலம். ஒவ்வொரு பாலம் ஏறும்போதும் ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்வது எங்கள் கூட்டத்தின் வழக்கம். கிழவிகள் மட்டும் பழைய படிக்கே "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று ஆரம்பிக்கிறார்கள். இளசுகள் புதுசில் சொல்ல, இரண்டும் முட்டிக்கொண்டு கடைசி ஆமெனில் ஒன்றுசேர்கிறது.

போலீஸ்காரர்கள் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். இரவில் லாரிக்காரர்களுக்குத் தெரியவேண்டுமே. நல்ல ஏற்பாடு.

செவ்வாய், நீடாமங்கலம்

சாலியமங்கலம் போகிற வழியில் அந்த இன்னொரு பூண்டியையும் கடந்தோம். அம்மாப்பேட்டையில் தக்காளி சாதம் கொடுத்தார்கள். கோவில்வெண்ணி தாண்டும்வரை சாலையின் ஓரமெல்லாம் நெல் காய்ந்தது, முன்பட்ட குறுவை. சிலர் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருக்கிறார்கள்.

அப்பாயி நடவுக்குப் போனவர். தாத்தா இறந்தபோது அப்பாவுக்கு ஒன்பது வயது, அத்தைக்கு ஆறு, சித்தப்பா கைக்குழந்தை. நிலம் கிடையாது. குறுவை நடவு, சம்பா நடவு, களையெடுப்பு, அறுப்பு, அப்புறம் உளுந்து பறிப்பது என்று வருஷம் ஓடும். வயலில் ஜெபமாலை உருட்ட முடியாது, கையில் நாற்று முடி இருக்கும். அதனால் ஒரு வரிசை நட்டுப் பின்னால் நகரும்போது ஒரு மந்திரம். பத்து வரிசைக்கு ஒரு திரித்துவப் புகழ். ஐம்பத்து மூன்று மணியும் முடியும்போது மதியக் கஞ்சி வந்துவிடும் என்று அத்தை சொல்கிறார். கூட நட்ட பெண்கள் தெம்மாங்கு பாடினால் அப்பாயி அதையும் பாடுவார், நடுவில் விட்ட இடத்திலிருந்து மந்திரத்தையும் தொடருவார்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடிக் கிடந்தது. தஞ்சாவூர், நாகப்பட்டினம், மன்னார்குடி என்று எல்லாப் பக்கத்து வண்டியும் அங்கே நிற்க, முதல் தடவையாக அந்தக் கேட்டுக்கு நன்றி சொன்னேன். உட்கார இடம் கிடைத்தது.

ஊருக்குப் பக்கத்தில்தான் மூணாறு தலைப்பு. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம். அதற்கும் ஊருக்கும் நடுவே ஒரு திண்ணை வீடு. எங்கள் கூட்டம் பல வருஷமாக இரவு தங்கும் வீடு. இந்துக்கள். வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அத்தையைப் பார்த்ததும், "ஆத்தா வரலையா? கால் இன்னும் அப்படியேதானா?" என்றார். செய்தி போய்ச் சேரவே இல்லை. அத்தை சொன்னார். அந்தம்மா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் கழித்து அவரே பேச ஆரம்பித்தார். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தபோது அப்பாயியிடம் காசு முடிந்து கொடுத்தாராம். அடுத்த வருஷம் மடியில் பையன். தொட்டில் வாங்கிக் கட்டுவதாக வேண்டுதல். மாமியார் வேண்டாம் என்றதால் விட்டுவிட்டார். ஆகஸ்டில் அப்பாயி வந்து இதே வாசலில் நின்றார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. "நீ கடன் வெச்சா மாதாகிட்ட நான்ல பதில் சொல்லணும்? தொட்டிலைக் கொடு, இல்ல முடியாதுன்னு உன் வாயால சொல்லு, போய்ச் சொல்லிடுறேன்." மாமியாரே உள்ளேயிருந்து பணம் எடுத்துவந்து கொடுத்தாராம். அந்தப் பையன் இப்போது சிங்கப்பூரில்.

அப்பாயி கடைசியாக நடந்த வருஷம் இந்தத் திண்ணையில்தான் முழங்கால் வீங்கி உட்கார்ந்தார். இங்கிருந்துதான் காரில் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அதாவது, அந்த வருஷத்து முடிச்சுகள் எல்லாம் பாதி வழியிலேயே திரும்பிவிட்டன. அத்தை மஞ்சப்பையைத் திண்ணையில் கொட்டினார். அந்தம்மா விரலால் துழாவி, சிவப்பு நூல் சுற்றிய ஒன்றை எடுத்தார்.

"இது என்னுது. என் ரவிக்கை நூலு."

எதற்கு என்று நான் கேட்டுவிட்டேன். அத்தை முறைத்தார். அந்தம்மா சிரித்துக்கொண்டே முடிச்சைத் திரும்பப் பையில் போட்டார். "இன்னும் நடக்கல தம்பி. கொண்டுபோங்க."

புதன், திருவாரூர்

இன்று பிள்ளையார் சதுர்த்தி. கொரடாச்சேரியிலிருந்து திருவாரூர் வரை தெருவுக்கு ஒரு பந்தல். காவி கட்டி மாதா சப்பரம் தள்ளிக்கொண்டு போகிற எங்களை நிறுத்தி நிறுத்திக் கொழுக்கட்டை கொடுத்தார்கள். எங்கள் ஸ்பீக்கரில் ஜெபமாலை, அவர்கள் ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டு. நாங்கள் கடக்கும்வரை ஒரு பந்தலில் சத்தத்தைக் குறைத்தார்கள், பதிலுக்கு எங்கள் பையன் எங்களுடையதை அணைத்தே விட்டான்.

கூட்டத்தில் ஒரு காலேஜ் பையனுக்குப் படையல் கொழுக்கட்டையைச் சாப்பிடலாமா என்று சந்தேகம். அத்தை அப்பாயியின் சட்டத்தைச் சொன்னார்: "ரோட்டுல ஒருத்தர் கொடுக்கறத வேணாம்னு தள்ளுனா நடந்த நடை வீண்." தேங்காய்ப் பூரணம். நான் நாலு சாப்பிட்டேன்.

கமலாலயக் குளத்தங்கரையில் கால் நனைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்லும் ஊர். எதிர்க்கரையில் நிற்கும் ஆள் பொம்மை போலத் தெரிகிறார்.

அப்பாயியைப் பற்றி நல்லதையே எழுதிக்கொண்டு போவது அவருக்கே பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வரும்வரை குழந்தைகளுக்குக்கூடக் காப்பி கிடையாது. காய்ச்சல் என்று சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி கூடாது, அப்பாயி கணக்கில் முட்டையும் கூடாது. என் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் தெரியாமல் கருவாட்டுக் குழம்புக்குப் பதில் முட்டைக் குழம்பு வைத்து, அன்று வீடே பட்டினி. கைக்குழந்தையாய் இருந்த சித்தப்பா பிழைத்தால் அவரைச் சாமியாராக்குவதாக வேண்டிக்கொண்டார். பள்ளி முடித்ததும் குருமடத்தில் சேர்த்தும்விட்டார். சித்தப்பா இரண்டு வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தார். அப்பாயி அவரோடு பேச ஒரு முழுப் போகம் ஆனது. வேண்டிக்கொண்டது யாரோ, கட்ட வேண்டியவர் யாரோ என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. சித்தப்பாவுக்கு இல்லை. "அவங்க கணக்குல அது நிலுவை. என் கணக்குல இல்ல" என்று சிரிப்பார். அந்த வேண்டுதலுக்கு ஈடாகத்தான் அப்பாயி வேளாங்கண்ணியில் ஒவ்வொரு வருஷமும் மணலில் முழந்தாள்படியிட்டுப் போனார் என்று அத்தை நினைக்கிறார். முழங்கால் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

வியாழன், நாகப்பட்டினம்

கீழ்வேளூர் வந்ததும் அத்தை சப்பரத்தை நிறுத்தச் சொன்னார். ஸ்பீக்கரை அணைத்தார்கள். சாலையோரமாக நின்று ஜெபமாலையில் ஒரு பத்துமணி சொன்னோம். புதிதாக வந்தவர்கள் யாருக்கு என்று கேட்டார்கள்.

கீழ்வெண்மணி இங்கிருந்து பக்கம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அப்பாயி அப்போது இளம்பெண், தானும் கூலிக்கு நட்டவர். நடுச்சாமப் பூசை கண்டுவிட்டு வந்து தூங்கி எழுந்த அன்றைக்கு அங்கே அது நடந்திருக்கிறது என்பதை அவரால் தாண்டவே முடியவில்லை. "பாலன் பொறந்த ராத்திரி" என்று மட்டும் சொல்வார். அடுத்த ஆகஸ்டிலிருந்து கீழ்வேளூரில் நிற்பது வழக்கமானது. அவர் கூட்டத்துக்குள் இதை எதிர்த்தவர்களும் இருந்தார்களாம், இதெல்லாம் கட்சி விஷயம் என்று. அப்பாயி அவர்களை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டுத் தனியாக நின்றிருக்கிறார்.

சிக்கல் தாண்டும்போது கடற்காற்று முகத்தில் அடித்தது. இரவு நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண மண்டபம். கால் மரத்துவிட்டது, அது ஒருவகையில் சௌகரியம்.

வெள்ளி, வேளாங்கண்ணி

இன்று ஆகஸ்ட் 29, கொடியேற்றம். செப்டம்பர் 8 வரை திருவிழா. காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டோம். தமிழ், மலையாளம், தெலுங்கு, கொங்கணி என்று பூசை மாறி மாறி நடக்கிறது. எல்லாச் சாலையும் காவி. மொட்டை போட்ட தலைகள், மெழுகுவர்த்திக் கட்டுகள், தென்னம்பிள்ளையைத் தோளில் சுமந்து வரும் கிழவர்கள்.

அப்பாயிக்கு 1962-ல் பசிலிக்காவான பெரிய கோயிலைவிட நடுத்திட்டுதான் இஷ்டம். மோர் விற்ற நொண்டிப் பையனிடம் மாதா தன் குழந்தைக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாகப்பட்டினத்துப் பணக்காரரிடம் போய் எனக்கொரு கோயில் கட்டச் சொல் என்று அனுப்பிய இடம் அது. சேதி சொல்ல எழுந்த பையனுக்குக் கால் நேரானது என்பது கதை. அப்பாயி சொல்லும்போது கால் நேரானதைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்வார். "கால் இல்லாதவன்கிட்டயே வேலை சொன்னா பாரு" என்பதில்தான் அவருக்கு ஆச்சரியம்.

முடிச்சுகளைப் போடும் முன் அத்தை என்னைக் கடல் பக்கம் கூட்டிப்போனார். சுனாமி நினைவுத் தூண் அருகே நிழலில் உட்கார்ந்து, பூண்டியில் சொல்வதாகச் சொன்னதைச் சொன்னார்.

2004 ஆகஸ்டில் ஒரு முடிச்சு தவறிப்போய் வீட்டிலேயே தங்கிவிட்டதாம். அப்பாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா பேரனோடு கிறிஸ்துமஸ் பூசைக்குப் பஸ்ஸில் வேளாங்கண்ணி கிளம்பியபோது அவர் கையில் அந்த முடிச்சைக் கொடுத்தார். பெரியம்மா இரவு தங்கி, மறுநாள் ஞாயிறு காலை பேரனைக் கடல் பார்க்கக் கூட்டிப்போனார். டிசம்பர் 26. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போன நாள். இருவரும் திரும்பவில்லை.

அவர்கள் கிறிஸ்துமஸுக்குப் போக முன்பே முடிவுசெய்திருந்தார்கள். முடிச்சு இல்லாவிட்டாலும் போயிருப்பார்கள். எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். அப்பாயி பதிலே பேசவில்லையாம். வீட்டுக்கு வந்து, காலண்டரில் இருந்த மாதா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். மாதாவோடு சண்டை. ஆனால் ஜெபமாலையை நிறுத்தவில்லை. திருப்பி மாட்டிய காலண்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். நாள் கிழிக்க அப்பா காலண்டரைத் திருப்பினால் கிழித்ததும் மறுபடி கவிழ்த்துவிடுவார். வருஷம் முடிந்து புதுக் காலண்டர் வந்தபோதுதான் நேராக மாட்டினார். சமாதானமா, அலுப்பா, தெரியாது. அடுத்த ஆகஸ்டில் நடந்தார்.

அதற்குப் பிறகு எந்த முடிச்சையும் இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. நீடாமங்கலத்தில் உட்கார்ந்துவிட்ட பின்பும் ஊரார் காசோடு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, கொடுத்து அனுப்பவும் மனசு வரவில்லை. அத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். "கால் சரியாவட்டும்" என்றே சொல்லி வந்திருக்கிறார். எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. கொடுத்தவர்களுக்கு அது சேரவில்லையே என்று அத்தையிடம் வாதாடினேன். அத்தை, "அம்மா வாங்குன அன்னைக்கே மாதாகிட்ட சொல்லிடுவாங்கடா. காசுதான் பாக்கி" என்றார். அப்படியும் இருக்கலாம்.

உண்டியல் வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அவிழ்க்காமலே ஒவ்வொன்றாகப் போட்டோம். செல்லாத 25 பைசா முடிச்சை நான்தான் போட்டேன். பின்னால் நின்ற மலையாளக் குடும்பம் எவ்வளவு நேரம் என்று பொறுமையிழந்தது. அத்தை திரும்பி, "ஊர்க் காசும்மா" என்றார். என்ன புரிந்ததோ, வழிவிட்டு நின்றார்கள். பச்சைத் துணி முடிச்சை மட்டும் அத்தை போடவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாலை கொடி ஏறியது. கூட்டத்தில் எனக்குக் கொடிமரத்தின் உச்சி மட்டும்தான் தெரிந்தது.

சனி, நாகூர்

பச்சைத் துணி நாகூர் ஆண்டவருக்கு. எங்கள் ஊரில் அப்படியும் உண்டு. வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களிடம் நாகூருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அப்பாயி வேளாங்கண்ணிவரை நடை, அங்கிருந்து நாகூருக்கு டவுன் பஸ். "ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு" என்பாராம்.

தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டியது. வாசல் கடைகளில் கை, கால், கண், வீடு, படகு என்று தகட்டில் அடித்து விற்கிறார்கள். புறாக்கள் காலுக்கடியில் வந்து மேய்கின்றன. அத்தை செருப்பை விட்டுவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, பழகிய வீட்டுக்குள் நுழைவது போலப் போனார். சர்க்கரையும் பூவும் வாங்கினோம்.

உள்ளே பெரியவர் ஒருவர் முடிச்சை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கும்மா ஓதணும்?" என்றார்.

"தெரியாதுங்க பாய். எங்கம்மாகிட்ட கொடுத்தது. அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க."

"அம்மா பேரைச் சொல்லுங்க, அவங்களுக்கே ஓதிடுவோம்."

"அவங்க பேருக்கு வேணாம். அது அவங்க காசு இல்ல. கொடுத்தவங்க பேருக்குன்னு ஓதுங்க."

அவர் அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே ஓதினார். சர்க்கரையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். திருவாரூர் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று அத்தை அவரிடமே கேட்டுக்கொண்டார்.